அருள்பிரகாசத்தின் சாட்சிக் கையெழுத்து

ராயபுரத்தில் அருள்பிரகாசத்தின் கையெழுத்து இல்லாத பத்திரம் ஒன்று இருந்தால், அது போலிப் பத்திரமாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அருள்பிரகாசம்தான்.

கையெழுத்து என்றால் உங்களுடையதையும் என்னுடையதையும் போல ஏதோ கிறுக்கல் அல்ல. முதல் எழுத்து தாளில் கால்வாசி உயரத்துக்கு எழும்பும். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பிப் பெயர் முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு புள்ளியில் முடியும். அதற்கும் கீழே 'வக்கீல் குமாஸ்தா, ஹைகோர்ட்' என்று எழுதி ஒரு கோடு இழுப்பார். தனக்கு இப்படி ஒரு குமாஸ்தா இருப்பது ஹைகோர்ட்டுக்குத் தெரியாது. லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த வக்கீல் ரகுபதிக்குத்தான் அவர் குமாஸ்தா.

அந்தப் பக்கத்தில் சாட்சி போடக் கூப்பிடுவது பெரிய மரியாதை. மாதா கோயிலில் கல்யாணம் முடிந்ததும் பங்குச் சாமியார் பதிவுப் புத்தகத்தை விரிப்பார். அதில் யார் சாட்சி போடுவது என்பதைப் பெண் பார்ப்பதைவிட அதிக நாள் பேசி முடிவு செய்வார்கள். கூப்பிடவில்லையென்றால் பெரியப்பன் சித்தப்பன் உறவுகூட அறுந்துபோகும். அப்படிப்பட்ட ஊரில் கல்யாணம், கடன், படகு விற்பனை எதுவானாலும் பாக்கு வெற்றிலையோடு அருள்பிரகாசத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சட்டைப் பையிலிருந்து பௌண்டன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் போடுவார். சபையில் நாலு பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு இருமல் இருமுவார்.

இந்த மனிதருக்கு வாய்த்தவள் சிலுவையம்மாள். கையெழுத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரே ஒரு அறை, அதற்கு நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் நடத்தினாள். கூட்ஸ் வண்டி போனால் அடுப்பில் இருக்கும் சட்டி ஆடும். குழாயடிச் சண்டை, வீட்டுக்காரியின் ஏச்சு, பொதுக் கக்கூஸ் வரிசை எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு நாள் போகும். அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, 'இது என் வீடு' என்று ஒரு மூச்சு விட வேண்டும்.

அந்த ஆசைக்கு வழியும் இருந்தது. அவளுடைய தாய்மாமன் மதலைமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்த வீடு வைத்திருந்தார். இரண்டு அறை, ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும் அவரைத் தூக்கி உட்கார வைத்தவளும், துடைத்தவளும், கஞ்சி ஊட்டியவளும் சிலுவையம்மாள்தான். தினமும் கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்து போய் வந்தாள். கடைசியில் கிழவரே, "இன்னாத்துக்கு நடந்துகினு கீறே? புருசனையும் இட்டுகினு இங்கியே வந்துடு. எனக்கு அப்புறம் இந்த வூடு உனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் அங்கே குடிவந்துவிட்டார்கள்.

மதலைமுத்துவுக்கு ஒரு மருமகனும் இருந்தான். இன்னொரு தங்கையின் மகன், பெயர் லியோனார்ட். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பான். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடையெல்லாம் மூடிவிட்டார்கள். லியோனார்டின் வாயை மட்டும் சர்க்காரால் மூட முடியவில்லை. மாமன் பெண்டாட்டியின் சாவு ஊர்வலத்தில் அவன் இருந்த நிலையில், சாவுப் பாட்டுக்குப் பதிலாகப் பெண்ணழைப்புப் பாட்டை வாசித்துவிட்டான். பெட்டியைத் தூக்கியவர்களின் நடையே மாறிப்போயிற்றாம். அன்றிலிருந்து மதலைமுத்து அவன் முகத்தில் விழிப்பதில்லை.

"மாமா, வாய்ச்சொல் கோர்ட்டில் நிக்காது. உயில் எழுதணும்" என்று ஆரம்பித்தார் அருள்பிரகாசம். இதுவரை சரியாகத்தான் சொன்னார். "எழுத வக்கீல் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று அடுத்து சொன்னார் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

ரகுபதியின் ஆபீஸுக்கு வரும் கட்சிக்காரர்கள் முக்கால்வாசி செட்டியார்கள், முதலியார்கள். அவர்களுடைய உயில்களை நகல் எடுத்து எடுத்துத் தனக்கு உயில் சட்டம் தண்ணீர்பட்ட பாடு என்று அருள்பிரகாசம் நம்பியிருந்தார். இந்துக்களின் உயிலுக்கு ஒரு விதி, கிறிஸ்தவர்களின் உயிலுக்கு அதற்கு மேல் சில விதிகள் உண்டு என்ற விஷயம் அவருக்குத் தெரியாது. ஞாயிறு தவறாமல் பூசை கண்டு, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி குடிக்கும் மனிதர், கிழவரின் உயிலை மட்டும் செட்டியார் சட்டப்படி எழுதிக்கொண்டிருந்தார். வக்கீலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

உயிலுக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பழைய உயில். அதில் இருந்த தோட்டம், குதிரை, வெள்ளிச் சாமானையெல்லாம் எடுத்துவிட்டு, ஓட்டு வீடு, கிணறு, முருங்கை மரத்தைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதென்று ஏற்பாடு. பூவம்பழம், கேக்கு, சோடா எல்லாம் வந்துவிட்டன. உயில் எழுதுகிற வீடா, நிச்சயதார்த்த வீடா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

தலையணையில் சாய்ந்தபடி கிழவர் கேட்டார். "இன்னாபா இம்மாம் நீட்டா எய்திக் கீறே? வூடு சிலுவைக்குன்னு ஒரு வரி எய்தினா பத்தாதா?"

"பத்தாது மாமா. நான்தான் எக்ஸிக்யூட்டர். அதாவது நீங்க போனப்புறம் உயிலில் சொன்னபடி எல்லாத்தையும் நிறைவேத்தி வைக்கிறவன். அது ஒரு பாரா. வீடு சிலுவைக்கு, அது ஒரு பாரா. அப்புறம் எஞ்சிய சொத்துன்னு ஒரு பாரா."

"மிச்சமா? என்கிட்ட இன்னா மிச்சம் கீது? ஓட்டக் கொட ஒண்ணு. பாடாத பாட்டுப் பொட்டி ஒண்ணு. முட்ட போடாத கோயி ஒண்ணு."

"அதை யாருக்காவது எழுதணும் மாமா. அந்தப் பாரா இல்லாட்டி உயில் மொட்டையா இருக்கும். வெள்ளைக்காரன் எழுதியிருக்கான்."

கிழவர் யோசித்தார். பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. மீதிப் பாதி அசையாது. "லியோ பேருக்கு எய்து. எம் பொண்டாட்டி சாவுக்குப் பொண்ணயப்பு வாசிச்சான் இல்ல? அவனுக்கு முட்ட போடாத கோயிதான் சரி."

அருள்பிரகாசமும் சிரித்துக்கொண்டே, 'மேற்கண்டவை போக எஞ்சியுள்ள எனது ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள் யாவும்', அதாவது அசையாததும் அசைவதுமாக மிச்சம் எல்லாமே, லியோனார்டுக்கு என்று மணிமணியான எழுத்தில் எழுதினார். கோழி என்று எழுதினால் மரியாதையாக இருக்காதே.

சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் எதிர்க்கடையில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் பக்ருதீன் பாய். இன்னொருவர் கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். கிழவர் நடுங்காமல் கையெழுத்துப் போட்டார். பக்ருதீன் பாய் தன் பெயரை எழுதினார். அந்த நேரம் பார்த்துச் சிலுவையம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் ஒரு கையெயுத்து போடட்டா? மாமாவப் பாத்துக்கறது நான்தானே?" என்று கேட்டாள்.

அருள்பிரகாசம் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். "தொடாதே! சொத்து வாங்குறவங்க சாட்சி போடவே கூடாது. போட்டா கோர்ட்டில் சந்தேகம் கிளம்பும். இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ உள்ளே போ" என்று அதட்டிவிட்டுச் சபையைப் பார்த்தார். சபை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. சிலுவையம்மாள் முகம் சுண்டிப்போய் அடுப்படிக்குப் போனாள்.

மிச்சம் இருந்தது உபதேசியாரின் கையெழுத்து ஒன்றுதான். அவர் கடுகு கடுகாய் எழுதுகிறவர். தன் வாழ்நாளிலேயே அழகாக எழுதிய அந்தத் தாளின் அடியில் ஒரு கடுகு வரிசை உட்காரப் போவதை அருள்பிரகாசத்தால் பொறுக்க முடியவில்லை. விருந்து சமைத்தது நான், இலை போட்டு உட்காருவது இவனா என்று இருந்தது. "உபதேசியாரே, மூக்குக் கண்ணாடி கொண்டாந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்களே. கையெழுத்து போடத்தானே?"

"கண்ணாடி போடுறவர் கண்ணாடி இல்லாம சாட்சி போட்டால் செல்லாது" என்று சட்டத்தில் எங்கேயும் இல்லாத ஒரு விதியை அங்கேயே பிரசவித்தார் அருள்பிரகாசம். உபதேசியார் பாவம், பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பூவம்பழத்தை எடுத்துக்கொண்டார். அருள்பிரகாசம் தன் பேனாவின் மூடியைக் கழற்றினார், இருமினார், போட்டார். அதுவரை போட்டதிலேயே அதுதான் பெரிய கையெழுத்து. வால் மட்டும் உயிலின் கடைசி வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அருள்பிரகாசம் கையால் கெட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மதலைமுத்து சிலுவையம்மாளின் மடியில் தலை வைத்தபடியே போய்ச் சேர்ந்தார். சாவுக்கு லியோனார்ட் பேண்டு செட்டோடு வந்தான். அன்று ஒரு சொட்டுத் தொடவில்லை. அவன் வாசித்த வாசிப்பில் மீன் ஏற்றிப் போன வண்டிக்காரர்கள்கூட இறங்கி நின்று தலைத்துண்டை எடுத்தார்கள். கூலி எதுவும் வாங்கவில்லை. இதையெல்லாம் அருள்பிரகாசம் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த உயிலை எலி கடித்திருக்குமோ என்பதுதான் அவர் கவலை.

கிறிஸ்தவருடைய உயில் சும்மா பெட்டியில் இருந்தால் பயனில்லை. 'இது உண்மையான உயில்தான்' என்று ஹைகோர்ட் முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் புரோபேட் என்று பெயர். இவ்வளவு அருள்பிரகாசத்துக்குத் தெரியும். ஆகவே ஒரு நாள் சிலுவையம்மாளை நல்ல புடவை கட்டச் சொல்லி, டிராமில் ஏற்றி, ரகுபதியின் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். எஞ்சிய சொத்துக்கு உரியவன் என்ற முறையில் லியோனார்டையும் வரச் சொல்லியிருந்தார். கோழியை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்க அவனும் வந்திருந்தான்.

ரகுபதி உயிலைப் படித்தார். "எழுத்து நன்னாயிருக்கே" என்றார். அருள்பிரகாசம் நெளிந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்தச் சிலுவையம்மாள் யாரு?"

"என் சம்சாரம் சார். இதோ நிக்குறா."

"இங்கே பாதிப் பக்கத்துக்குப் பரந்து கிடக்கே, இது யார் கையெழுத்து?"

"நம்ம கையெழுத்துதான் சார்" என்று பெருமையோடு முன்னே வந்தார் அருள்பிரகாசம்.

ரகுபதி பெருமூச்சு விட்டார். "அடப்பாவி. சாட்சி போட்டவனுக்கு உயிலில் சொத்து எழுதியிருந்தா அது செல்லாது. அவன் பெண்டாட்டிக்கு எழுதியிருந்தாலும் செல்லாது. உங்க கிறிஸ்தவாள் உயிலுக்குச் சட்டம் இதுதான். உயில் செல்லும். உன் சாட்சியும் செல்லும். நீ எக்ஸிக்யூட்டரா இருக்கறதும் செல்லும். உன் பெண்டாட்டிக்கு எழுதின வீடு மட்டும் செல்லாது."

அருள்பிரகாசம் உயிலை எட்டிப் பார்த்தார். "செட்டியார் உயிலில் எல்லாம் மாப்பிள்ளையே சாட்சி போட்டிருக்காரே சார்?"

"அவர் செட்டியார். நீ செட்டியாரா?"

வக்கீலுக்கு இப்போதுதான் சுவாரஸ்யம் பிடித்தது. "வீடு இப்போ எங்கே போறது தெரியுமா? செல்லாம போன சொத்தெல்லாம் எஞ்சிய சொத்தில் போய் விழும். இந்தப் பாராவை யார் எழுதச் சொன்னா உன்னை?"

"வெள்ளைக்காரன்..." என்றார் அருள்பிரகாசம்.

மூலையில் நின்ற லியோனார்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாரு, அப்ப அந்தக் கோயி?"

"கோழியும் உமக்குத்தான். வீடும் உமக்குத்தான்."

லியோனார்ட் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தான். குடிக்காமலே அவனுக்குத் தலை சுற்றியது அன்று ஒரு நாள்தான்.

ரகுபதி இன்னும் விடவில்லை. "இதைக் கேளு அருள்பிரகாசம். நீ உயிலே எழுதாம அந்த மனுஷனை நிம்மதியா சாக விட்டிருந்தா, ரெண்டு சகோதரிகளோட பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி. பாதி வீடாவது உன் ஆத்துக்கு வந்திருக்கும். நீ மெனக்கெட்டு, கஷ்டப்பட்டு, அழகான கையெழுத்தில் எழுதி, அந்தப் பாதியையும் தாரை வார்த்திருக்கே."

டிராமில் திரும்பும்போது சிலுவையம்மாள் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். அருள்பிரகாசத்துக்கு அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது. ராயபுரம் வந்து இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உயிலுக்கு ரெண்டு சாட்சி வோணுமில்ல?"

"ஆமா."

"நீ கோர்ட்டுல போய், இது என் கையெயுத்து இல்லன்னு சொல்லிடு. ஒரு சாட்சி கொறஞ்சா உயிலே பூடும். உயிலு பூட்டா பாதி வூடு வரும். அவரு சொன்னாரு இல்ல?"

அருள்பிரகாசம் நடுத்தெருவில் நின்றுவிட்டார். இது அவருக்குத் தோன்றவேயில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஆண்டவர் பத்துக் கட்டளைகளில் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். பெண்டாட்டிக்கு வரும் சொத்துக்குச் சாட்சி போடாதே என்று பதினோராவதாக ஒன்று கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. ஆனால் உண்மையில் அவரைத் தடுத்தது கட்டளையும் அல்ல, பாவமும் அல்ல. "சிலுவை, அந்தக் கையெழுத்தைப் பார்த்துட்டு, அது என்னுது இல்லன்னு சொன்னா ராயபுரத்தில் எவன் நம்புவான்?" என்றார். அந்தக் கலக்கத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. சிலுவையம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். கையில் இருந்த குடையால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள்.

கோர்ட்டில் எல்லாம் சட்டப்படி நடந்தது. மதலைமுத்து கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், என் எதிரில் போட்டார், அவர் எதிரில் நானும் போட்டேன் என்று அருள்பிரகாசமே பிரமாணம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு உண்மை சொன்னாரோ அவ்வளவு வீடு கையை விட்டுப் போயிற்று. புரோபேட்டும் வந்தது. உயிலை நிறைவேற்றி வைக்கும் எக்ஸிக்யூட்டர் அவரேயல்லவா? ஆகவே வீட்டுச் சாவியை லியோனார்டிடம் ஒப்படைத்தேன் என்று அவரேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தில் வால் இல்லை. வக்கீல் குமாஸ்தா என்பதும் இல்லை. கீழே இருந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.

லியோனார்ட் வீட்டுக்கு வந்தான். தனியாக வந்தானா? பேண்டு செட்டே வந்தது. முன்னறையில் பெரிய டிரம்மை வைத்தார்கள். கிணற்றடியில் பித்தளை வாத்தியங்களைப் புளி போட்டுத் துலக்கினார்கள். விடிந்ததும் பயிற்சி. அருள்பிரகாசம் பல் தேய்க்கும்போது சாவுப் பாட்டு, சாப்பிடும்போது கல்யாணப் பாட்டு. "மாமு, எது புடிச்சிருக்குன்னு சொல்லு, அத்த ரெண்டு வாட்டி வாசிக்கிறேன்" என்பான் லியோனார்ட். அவனுக்கு அக்காளைத் துரத்தும் எண்ணமெல்லாம் இல்லை. இந்த மாமுவைக் கொஞ்ச நாள் வேக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அருள்பிரகாசமோ அப்பீல் போட வழி உண்டா என்று ஆபீஸ் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்ருதீன் பாயைப் பிடித்து, "உங்க கையெழுத்தையாவது இல்லைன்னு சொல்லிடுங்களேன் பாய்" என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தார். பக்ருதீன் பாய், "குமாஸ்தா சாரு, உங்களால வூடு போச்சு. பொய் சொல்லி என் ஈமானும் போவணுமா?" என்று கேட்டுவிட்டுக் கயிறு அளக்கப் போய்விட்டார்.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, சிலுவையம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கொருக்குப்பேட்டை அறை இன்னும் காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டாளாம். "தம்பி வூட்டுல எத்தினி நாளு ஒண்டிகினு கெடக்கறது?" என்றாள். கிழவர் சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. கட்டி முடித்தவள் அதன் எதிரில் போய் நின்று, விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

அருள்பிரகாசம் அழுதார். அவருக்கு வீடு போனது அதுவரை ஒரு சட்டச் சிக்கலாகத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான், இத்தனை வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளியவளுக்குக் கிடைக்க வேண்டியதைத் தன் பேனாவால் தட்டிவிட்டோம் என்பது நெஞ்சில் தைத்தது. "என்னை மன்னிச்சுடு சிலுவை. எல்லாம் என் கை பண்ணின வேலை" என்றார்.

"கை இன்னா பண்ணும்? மண்டையில கீற கொயுப்புதான்" என்று சொல்லிவிட்டு, அவள் நேரே முன்னறைக்குப் போனாள். டிரம்மின் மேல் கையை வைத்து நிறுத்தினாள். இத்தனை மாதமாக வக்கீலும் குமாஸ்தாவும் ஹைகோர்ட்டும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"லியோ, மாமா இந்த வூட்ட யாருக்குக் குடுத்தாரு?"

லியோனார்ட் கிளாரினெட்டைக் கீழே வைத்தான். "உனுக்குத்தான். இத்த வேற கேக்கணுமா? எனுக்குக் குடுத்தது கோயி."

"அப்ப என் பேருக்கு எய்திக் குடு."

"நீ எப்பக் கேப்பேன்னுதானே குந்திகினு கீறேன்? இந்த மாமு வந்து கேக்கும், வாயத் தொறந்து ஒரு வாட்டி தப்புதான்னு சொல்லும்னு பாத்தேன். அது புக்கத்தான் பொரட்டிகினு கீது. நாளைக்கே வா, தானமா எய்தித் தரேன். கொடையும் பாட்டுப் பொட்டியும் கோயியும் எனுக்கு. ஆனா ஒண்ணு." லியோனார்ட் குரலைத் தாழ்த்தினான். "மாமு பக்கத்துல வரக் கூடாது. அது ஒரு கையெயுத்து போட்டா, இந்த வூடு அப்பால யாருக்குப் போவும்னு அந்தோணியாருக்கே தெரியாது. பேனாவப் புடுங்கி வெச்சுக்க."

மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு ஐந்து பேர் போனார்கள். தானப் பத்திரத்துக்குச் சாட்சியாகப் பக்ருதீன் பாயும், மூக்குக் கண்ணாடியோடு உபதேசியாரும். வாசலிலேயே சிலுவையம்மாள் திரும்பிப் பின்னால் வந்துகொண்டிருந்த புருஷனின் சட்டைப் பையில் கை விட்டுப் பேனாவை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ இங்கியே நில்லு" என்றாள். அவர் வேப்பமரத்தடியில் நின்றார்.

உள்ளே என்ன நடக்கிறதென்று ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. லியோனார்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினான். பக்ருதீன் பாய் எழுதினார். உபதேசியார் குனிந்து கடுகு கடுகாய் எழுதினார். உலகத்திலேயே இவ்வளவு அழகான கையெழுத்தைப் பார்த்ததில்லை என்று அருள்பிரகாசத்துக்கு அப்போது தோன்றியது. சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வேர்வையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, எண்ணூர்ப் பக்கத்து உப்பளக்காரன் ஒருவன் பத்திரத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான். அவனுடன் வந்த சாட்சி எங்கோ தொலைந்துபோனான் போலிருக்கிறது. மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு நின்றவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தரகர் ஒருவரும் கூடவே வந்து, "இவரா? இவரு பெரிய ஆளுப்பா. இவரு சாட்சி போட்டா அதுக்கு அப்பீலே கெடயாது" என்று தூக்கிவிட்டார்.

"சாமி, ஒரு சாட்சி கொறையுது. உள்ள கூப்புட்டுட்டாங்க. நீங்கதான் ஒரு கையெயுத்து போட்டு உதவணும். பேனாகூட நான் வெச்சிருக்கேன்" என்று நீட்டினான் உப்பளக்காரன்.

தரகர் பார்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமல் இருமத் தேவையில்லாத சபை. அருள்பிரகாசத்தின் வலது கை தானாகவே மேலே எழும்பியது. அதை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுப்பா" என்றார்.